வலைப்பதிவின் அமைப்பை மாற்றுவது எப்படி? தொடக்க நிலையினருக்கு ஒரு விளக்கம்

வலைத்தளம் தொடங்கிய புதிதில் பலருக்கும் வரும் கேள்விகள் ஒரே மாதிரியானவை. பதிவின் தலையில் இருக்கும் பெரிய படத்தை எப்படி எடுப்பது? கட்டுரையின் ஓரத்தில் நிற்கும் பக்கப்பட்டி வேண்டாம், எங்கே நிறுத்துவது? முகப்பில் முழுக் கட்டுரையும் வந்து நிற்கிறது, நான்கு வரி மட்டும் தெரிந்தால் போதுமே, என்ன செய்வது? இவை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும் முன் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த மாற்றம் இந்தப் பதிவுக்கு மட்டுமா, எல்லாப் பதிவுகளுக்குமா, தளம் முழுவதற்குமா? விடை தெரிந்தால் எந்தப் பட்டியைத் திறக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். தெரியாமல் கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அழுத்துகிறவர்கள், ஒரு கட்டுரையின் படத்தை எடுக்கப் போய்த் தளத்தில் இருக்கும் எல்லாக் கட்டுரைகளின் படத்தையும் மறைத்துவிடுவார்கள்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு தளத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். வட ஆற்காட்டு ஊர்களைப் பற்றித் தமிழில் எழுதும் தளம் அது. வேலூர்க் கோட்டை, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ஆம்பூர் பிரியாணி, ஆற்காட்டு மக்கன் பேடா, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் என்று எழுதப் பொருளுக்குப் பஞ்சமே இல்லாத பகுதி இது. தளம் வேர்ட்பிரஸில் கட்டப்பட்டிருக்கிறது. 2003 மே 27 அன்று முதலில் வெளிவந்த இந்த இலவச மென்பொருளில், தீம் என்ற ஏற்பாடு 2005இல் 1.5 பதிப்போடு வந்து சேர்ந்தது. கூகுளின் பிளாகரில் எழுதுகிறவர்களுக்குப் பட்டிகளின் பெயர் வேறுபடும். ஆனால் கீழே தமிழ் எழுத்துருவைப் பற்றிச் சொல்லியிருப்பவை பெரும்பாலும் அங்கும் பொருந்தும்.

தீம் என்ன செய்கிறது? நீங்கள் எழுதிய சொற்கள் தரவுத்தளத்தில் தனியே இருக்கின்றன. படங்கள் ஒரு கோப்புறையில் இருக்கின்றன. அவற்றை எடுத்து எந்த வரிசையில், எந்த அகலத்தில், எந்த எழுத்துருவில் காட்டுவது என்று முடிவு செய்வதுதான் தீம். ஆகவே தீமை மாற்றினால் கட்டுரைகள் அழிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. தோற்றம் மாறும், எழுத்து அப்படியே இருக்கும்.

தீமுக்குள் வார்ப்புருக்கள் இருக்கின்றன. ஒரு வகைப் பக்கத்தில் எது எங்கே வர வேண்டும் என்று சொல்லும் மாதிரிதான் வார்ப்புரு. ஆரணிப் பட்டுத் தறியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒருமுறை ஏற்றிய பாவில் பல சேலைகள் நெய்யப்படுகின்றன. ஊடை மட்டும் சேலைக்குச் சேலை வேறாக ஓடலாம். வார்ப்புரு என்பது பாவு, தனிப் பதிவு என்பது ஊடை. பாவில் கை வைத்தால் அதில் நெய்யும் எல்லாச் சேலைகளிலும் அது தெரியும்.

மூன்று அடுக்குகள்

முதல் அடுக்கு, தனிப் பதிவு. கட்டுரை எழுதும் திரையின் வலப்பக்கத்தில் இருப்பவை இதைச் சேர்ந்தவை: சிறப்புப் படம் (பதிவின் தலையில் வரும் பெரிய படம்), சுருக்கம், வகை, குறிச்சொல், பதிவின் முகவரி. இங்கே மாற்றுவது அந்தக் கட்டுரையை மட்டுமே பாதிக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. இதே பட்டியில் ‘டெம்ப்ளேட்’ என்ற வரியும் இருக்கிறது. அதை அழுத்தி வார்ப்புருவைத் திருத்தத் தொடங்கினால், நீங்கள் இருப்பது பதிவின் திரையாகவே தோன்றினாலும், கை வைத்திருப்பது இரண்டாம் அடுக்கில். அங்கே சிறப்புப் படத்தை நீக்கினால் அந்த வார்ப்புருவைப் பயன்படுத்தும் எல்லாப் பதிவுகளிலும் அது மறையும். சேமிக்கும்போது எவையெல்லாம் மாறப்போகின்றன என்று வேர்ட்பிரஸ் ஒரு பட்டியல் காட்டும். அதைப் படிக்காமல் ‘சேவ்’ அழுத்தாதீர்கள்.

இரண்டாம் அடுக்கு, வார்ப்புரு. இதில் புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பதிவுகளின் பட்டியலுக்கு ஒரு வார்ப்புரு, தனிக் கட்டுரைக்கு வேறொரு வார்ப்புரு. முகப்பிலோ வகைப் பக்கத்திலோ தலைப்பு, சிறு படம், சில வரிகள் என்று வரிசையாகத் தெரிவது பட்டியல். தலைப்பைத் தொட்டதும் திறப்பது தனிக் கட்டுரை. ஒன்றில் ஆசிரியர் பெயரை எடுத்தால் மற்றொன்றில் அது போகாது. “எடுத்துவிட்டேன், ஆனாலும் தெரிகிறதே” என்று தவிப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றொன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாம் அடுக்கு, ‘செட்டிங்ஸ்’ பட்டி. இது தீமைச் சார்ந்ததன்று. தீமை மாற்றினாலும் இங்கே சொன்னவை தொடரும். ஒரு பக்கத்தில் எத்தனை பதிவுகள், தேதியை எப்படி எழுதுவது, நேர மண்டலம் எது, முகவரி எப்படி அமைய வேண்டும் என்பவை இதில் அடங்கும்.

உங்கள் தீம் எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் இணையத்தில் வழிகாட்டிக் காணொளிகளைப் பார்த்தால், அவர்கள் காட்டும் பட்டி உங்கள் திரையில் இருக்காது. ‘அப்பியரன்ஸ்’ பட்டியைத் திறந்து பாருங்கள். ‘கஸ்டமைஸ்’, ‘விட்ஜெட்ஸ்’ என்று இருந்தால் அது பழைய முறைத் தீம். ‘எடிட்டர்’ என்று இருந்தால் அது பிளாக் தீம். 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து இந்த இரண்டாம் வகை முழு வடிவில் புழக்கத்துக்கு வந்தது.

பழைய முறைத் தீமில், தீமை உருவாக்கியவர் எந்தெந்த வாய்ப்புகளைக் கொடுத்திருக்கிறாரோ அவற்றைத்தான் மாற்ற முடியும். பக்கப்பட்டி இடமா, வலமா, வேண்டாமா. தேதி தெரியலாமா, கூடாதா. பட்டியல் ஒற்றை வரிசையா, கட்டமா என்பன போன்றவை ‘கஸ்டமைஸ்’ பகுதியில் இருக்கும். பிளாக் தீமில் தலைப்பு, தேதி, படம், உள்ளடக்கம் ஒவ்வொன்றும் ‘பிளாக்’ எனப்படும் தனித் துண்டு. வார்ப்புருவைத் திறந்து அவற்றை இடம் மாற்றலாம், நீக்கலாம், புதியன சேர்க்கலாம். சுதந்திரம் கூடுதல், பிசகும் வாய்ப்பும் கூடுதல்தான். இப்போது புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் பிளாக் தீமையே பரிந்துரைப்பேன். பிறர் கொடுத்த வாய்ப்புகளுக்குள் அடங்கி நிற்க வேண்டிய தேவை அதில் இல்லை.

பக்கப்பட்டியைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: அதை எடுத்துவிடுங்கள். காட்பாடி ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருப்பவர் உங்கள் கட்டுரையைக் கைபேசியில்தான் திறப்பார். அந்தத் திரையில் பக்கப்பட்டி பெரும்பாலும் கட்டுரைக்குக் கீழே போய் விழுகிறது. அங்கே யாரும் அதைத் தேடுவதில்லை. கணினித் திரையிலோ அது எழுத்தின் அகலத்தைத் தின்கிறது.

தமிழுக்கு மாற்ற வேண்டியவை

பெரும்பாலான தீம்கள் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. ஆங்கிலத்தில் கண்ணுக்கு அழகாக இருக்கும் அதே தீம் தமிழில் நெருக்கடியாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் எழுத்துரு. தீம் கொடுக்கும் எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லாமல் இருக்கலாம். அப்போது உலாவி, அந்தக் கருவியில் இருக்கும் ஏதோவொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் கணினியில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் என்று ஆளுக்கொரு தோற்றம் கிடைக்கும். நீங்கள் பார்ப்பதை வாசகர் பார்ப்பதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் ஆகிய இலவச எழுத்துருக்கள் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் கிடைக்கின்றன. 2024இல் வந்த 6.5 பதிப்பிலிருந்து பிளாக் தீம்களில் எழுத்துரு நூலகம் இருக்கிறது. ‘எடிட்டர்’, ‘ஸ்டைல்ஸ்’, ‘டைப்போகிராஃபி’ வழியாகப் போனால் நேரடியாகவே நிறுவலாம். சாதாரணம், தடிமன் என்று இரண்டு எடைகள் போதும். ஒன்பது எடைகளையும் ஏற்றினால் தளம் திறக்கத் தாமதமாகும்.

அடுத்தது வரி இடைவெளி. தமிழில் கி, கீ போன்றவற்றின் விசிறி மேலே எழும்புகிறது; கு, கூ, ழு போன்றவற்றின் வால் கீழே இறங்குகிறது. ஆங்கிலத்துக்கு 1.5, அதாவது எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு என்ற வரி இடைவெளி வசதியானது. தமிழ்க் கட்டுரைக்கு 1.7 அல்லது 1.8 வைத்துப் பாருங்கள், மூச்சு விடுவது தெரியும். தலைப்புகளில்தான் சிக்கல் அதிகம். பல தீம்கள் தலைப்புக்கு 1.1, 1.2 என்று வைத்திருக்கும். தலைப்பு இரண்டு வரிகளாக மடங்கினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் விசிறியும் மோதிக்கொள்ளும். குறைந்தது 1.4 ஆக்குங்கள். தலைப்பின் எழுத்து இடைவெளி எதிர்மறை எண்ணாக இருந்தால் அதைச் சுழியமாக்குங்கள்.

தலைப்பின் அளவையும் குறைக்க வேண்டும். தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் பெயரோடு ஒட்டிக்கொள்வதால் சொற்கள் நீளமானவை. ‘வாணியம்பாடியிலிருந்து’ என்ற ஒரே சொல் பெரிய எழுத்தில் கைபேசித் திரையின் அகலத்தை அடைத்துவிடும். இதே காரணத்துக்காக, இரு ஓரமும் நேராக நிற்கும்படி பத்தியைச் சீர்செய்வதையும் தவிர்ப்பது நல்லது. ஒரு வரியில் மூன்று சொற்களே அடங்கும்போது அவற்றுக்கிடையே பெரிய பள்ளங்கள் விழும். இடப்பக்கச் சீரே கண்ணுக்கு இதம். மேற்கோள்களைச் சாய்வெழுத்தில் காட்டும் தீம்களும் உண்டு. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் இல்லாததால் உலாவி நிமிர்ந்த எழுத்தையே வளைத்துக் காட்டும். அது நன்றாக இருக்காது. மேற்கோளுக்கு இடப்பக்கம் ஒரு கோடோ, மெல்லிய பின்னணி நிறமோ போதும். பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் அலங்காரத்தை விரும்புகிறவர்கள், ‘கோ’, ‘தொ’ போன்ற எழுத்துகளில் அது எப்படித் தெரிகிறது என்று ஒன்றிரண்டு உலாவிகளில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கட்டுரைப் பகுதியின் அகலத்தில் பெரிய சிக்கல் இல்லை. வேர்ட்பிரஸின் அண்மைக்காலத் தீம்கள் 620, 645 பிக்சல் என்ற அளவில் வைத்திருக்கின்றன. தமிழுக்குச் சற்றுக் கூட்டி 700 வரை போகலாம்.

முகவரி பாதியில் வெட்டுப்படுவது ஏன்?

தமிழில் எழுதும் ஒவ்வொருவரும் முதல் நாளே அறிந்திருக்க வேண்டியது இது. பதிவுக்குத் தலைப்பு வைத்ததும் வேர்ட்பிரஸ் அதிலிருந்து முகவரியின் கடைசிப் பகுதியைத் தானாகவே உருவாக்குகிறது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் உள்ளுக்குள் ஒன்பது எழுத்துகள் கொண்ட சரமாக மாறுகிறது. புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். ‘வே’ என்பதே இரண்டு குறியீடுகள், அதாவது பதினெட்டு எழுத்துகள். முகவரியின் இந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருக்கும் இடம் 200 எழுத்துகள். கணக்குப் போட்டால் சுமார் 22 தமிழ்க் குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடுகிறது.

1806 ஜூலை 10 அன்று நடந்த எழுச்சியைப் பற்றி ‘வேலூர்க் கோட்டைச் சிப்பாய்ப் புரட்சி’ என்று தலைப்பு வைப்பதாகக் கொள்வோம். முகவரி ‘வேலூர்க்-கோட்டைச்-சிப்பா’ என்பதோடு நின்றுவிடும். புரட்சி வரவே வராது. மேலும், இந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பல நேரங்களில் விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீண்ட சரமாகப் போய் நிற்கும். பெறுகிறவர் அதைத் தொடுவதற்கே தயங்குவார்.

தீர்வு எளிது. வெளியிடும் முன் பதிவின் முகவரிப் பெட்டியைத் திறந்து, ஊர்ப் பெயரும் பொருளும் அடங்கிய இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்துகளில் இடைக்கோடு போட்டுத் தட்டச்சு செய்யுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். ‘செட்டிங்ஸ்’, ‘பெர்மாலிங்க்ஸ்’ பகுதியில் ‘போஸ்ட் நேம்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்துத் தொடக்கத்திலேயே சேமித்துவிடுங்கள். நூறு கட்டுரைகள் வந்த பிறகு அதை மாற்றினால், பிறர் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் செயலிழக்கக் கூடும்.

முகப்பும் சுருக்கமும்

‘செட்டிங்ஸ்’, ‘ரீடிங்’ பகுதியில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதிவுகள் என்று இருக்கும். அதை வேண்டியபடி மாற்றலாம். பிளாக் தீமில் இந்த எண்ணை மாற்றியும் பட்டியல் மாறாவிட்டால், பட்டியல் துண்டு தன் சொந்த எண்ணிக்கையில் ஓடுகிறது என்று பொருள். வார்ப்புருவில் அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து அங்கே மாற்ற வேண்டும். இதே ‘ரீடிங்’ பகுதியின் கீழே தேடுபொறிகளைத் தடுக்கும் சிறு கட்டம் ஒன்று இருக்கிறது. தளத்தைக் கட்டும்போது அதில் குறியிட்டிருந்தால், திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

முழுக் கட்டுரைக்குப் பதில் சுருக்கம் தெரிய வேண்டுமானால், பட்டியல் வார்ப்புருவில் உள்ளடக்கத் துண்டை எடுத்துவிட்டுச் சுருக்கத் துண்டை வையுங்கள். வேர்ட்பிரஸ் கட்டுரையின் முதல் 55 சொற்களை எடுத்துக் காட்டும். தமிழில் 55 சொற்கள் என்பது கைபேசியில் ஒரு திரை அளவுக்கு வந்துவிடும்; 25 போதும். எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தானாக எடுக்கும் சுருக்கம், கட்டுரையின் தொடக்கத்தைத்தான் எடுக்கும். “அனைவருக்கும் வணக்கம், இன்று நாம் பார்க்கப் போவது” என்று தொடங்கும் பழக்கம் இருந்தால் முகப்பில் எல்லாப் பதிவுகளும் ஒரே வரியோடு வரிசைகட்டி நிற்கும். பதிவின் பட்டியில் சுருக்கப் பெட்டி இருக்கிறது. அதில் நீங்களே எழுதுங்கள். ‘பல காலம் மூலவர் இல்லாமல் இருந்த வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981இல் வழிபாடு திரும்பிய கதை’ என்று ஒரே வாக்கியம் இருந்தால் போதும், படிக்க வருகிறவர் வருவார்.

தேதி, வகை, படம்

பழைய கட்டுரை என்று தெரிந்துவிடும் என்பதற்காகத் தேதியை மறைக்கிறவர்கள் உண்டு. ஊர்களைப் பற்றி எழுதும் தளத்தில் அது வாசகருக்குச் செய்யும் தீங்கு. நம் பகுதியையே பாருங்கள். வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. பிறகு வேலூர் மாவட்டத்திலிருந்து 2019இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ‘வேலூர் மாவட்டம், ஆம்பூர்’ என்று ஒரு கட்டுரை சொன்னால், அது எப்போது எழுதப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்த வரி சரியா, பழையதா என்று புரியும். வெளியிட்ட தேதியோடு கடைசியாகத் திருத்திய தேதியையும் காட்டுங்கள். பிளாக் தீமில் தேதித் துண்டின் அமைப்பிலேயே அதற்கான வழி இருக்கிறது.

வகைகளை மாவட்ட வாரியாக வைப்பதையும் இதே காரணத்துக்காக நான் தவிர்க்கச் சொல்வேன். ஆற்காடு இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில், ஆம்பூர் திருப்பத்தூரில், ஆரணி திருவண்ணாமலையில், குடியாத்தம் வேலூரில். வரலாறு, திருவிழா, உணவு, நெசவு என்று பொருள் வாரியாக வகையும், ஊர்ப் பெயர்களைக் குறிச்சொல்லாகவும் வைத்தால் எல்லைகள் மாறினாலும் தளம் கலையாது.

நேர மண்டலத்தையும் ஒருமுறை பாருங்கள். ‘செட்டிங்ஸ்’, ‘ஜெனரல்’ பகுதியில் அது யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தின் சுழியத்தில் இருந்தால், கொல்கத்தா என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிரசுத் திருவிழாவுக்காக வைகாசி முதல் நாள் காலை 6 மணிக்கு வெளியாகும்படி வைத்த கட்டுரை, இது சரியில்லாவிட்டால் 11.30 மணிக்குத்தான் வெளியாகும்.

படங்களுக்கு ஒரே ஒரு விதி: சிறப்புப் படங்கள் அனைத்தையும் ஒரே நீள அகல விகிதத்தில் வெட்டி ஏற்றுங்கள். முகப்பு அதனாலேயே ஒழுங்காகிவிடும். ‘செட்டிங்ஸ்’, ‘மீடியா’ பகுதியில் சிறுபட அளவை மாற்றினால் அது இனி ஏற்றும் படங்களுக்கே பொருந்தும். பழைய படங்களுக்குச் சிறுபடங்களை மறுபடி உருவாக்க வேண்டும்.

மாற்றங்கள் தங்குவதற்கு

தீமின் கோப்புகளை நேரடியாகத் திறந்து திருத்தும் வசதி இருக்கிறது. புதியவர்கள் அதைத் தொடக் கூடாது. தீமுக்கு அடுத்த புதுப்பிப்பு வரும்போது அந்தக் கோப்புகள் புதியவற்றால் நிரப்பப்பட்டு உங்கள் திருத்தங்கள் போய்விடும். கோப்பில்தான் கை வைத்தாக வேண்டும் என்றால் சேய்த் தீம் ஒன்றை, அதாவது மூலத் தீமைச் சார்ந்து உங்கள் திருத்தங்களை மட்டும் தனியே வைத்திருக்கும் துணைத் தீமை, உருவாக்கி அதில் செய்ய வேண்டும். ‘கஸ்டமைஸ்’ வழியாகவோ ‘எடிட்டர்’ வழியாகவோ செய்தவை தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால் புதுப்பிப்பில் அழிவதில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அந்தத் தீமோடு கட்டுப்பட்டவை. தோற்றத்தை மாற்றும் குறிமுறைகளை எழுதுவதற்கான கூடுதல் சிஎஸ்எஸ் பெட்டியில் நீங்கள் எழுதியதும் அப்படித்தான். வேறு தீமுக்குப் போவதற்கு முன் அதை ஒரு கோப்பில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாக் தீமில் ஏதேனும் கலைந்துவிட்டால் பதற வேண்டாம். ‘ஸ்டைல்ஸ்’ பகுதியில் பழைய நிலைகளின் வரிசை இருக்கிறது; முந்தைய ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திரும்பலாம். தீமோடு வந்த வார்ப்புருவை அதன் தொடக்க நிலைக்கு மீட்டமைக்கவும் வழி உண்டு.

மாற்றத்தைச் சேமித்த பிறகும் தளத்தில் பழைய தோற்றமே தெரிந்தால், மறுபடி மறுபடி மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். பக்கம் விரைவாகத் திறப்பதற்காக எடுத்து வைக்கும் தற்காலிகச் சேமிப்பு பழைய பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கலாம். அதற்கான செருகுநிரல் (தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) இருந்தால் அதில் சேமிப்பை அழித்துவிட்டு, உலாவியின் மறைநிலைச் சாளரத்தில், நிர்வாகியாக நுழையாமல் தளத்தைத் திறந்து பாருங்கள். பிறகு அதே பக்கத்தை ஒரு கைபேசியிலும் திறந்து பாருங்கள். முடிந்தால் அது வீட்டில் வேறொருவருடைய, கொஞ்சம் பழைய கைபேசியாக இருக்கட்டும்.